விற்ற பொருளில் விற்றவருக்கு என்ன பாத்தியதை? மெங்க் வழக்கின் நீண்ட கதை

1908-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து ஒரு தீர்ப்புச் சொன்னது. 1911-இல் லண்டன் அதை ஏற்க மறுத்தது. 2020-இல் அதே உயர் நீதிமன்றம், இந்த முறை நான்குக்கு மூன்று என்று பிரிந்து, தன் பழைய கருத்துக்கே திரும்பி வந்தது. இடையில் ஓடியது 112 வருடம். பிரச்சினை என்னவோ ஒரு வரிதான்: காப்புரிமை (பேட்டன்ட்) உள்ள ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர், அதைத் தன் இஷ்டப்படி விற்கலாமா, கூடாதா?

வழக்கின் பெயர் 'நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனி ஆஃப் ஆஸ்திரேலியா எதிர் மெங்க்'. உயர் நீதிமன்றம் என்றதும் இந்தியாவில் இருப்பதுபோல மாநிலத்துக்கு ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நாட்டுக்கே அதுதான் தலைமை நீதிமன்றம். ஆனால் அந்தக் காலத்தில் அதற்கும் மேலே லண்டனில், பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இருந்தது. அதுதான் பிறகு வினையாக வந்தது.

முதலில் சண்டைக்குக் காரணமான பொருளைப் பார்த்துவிடலாம். பாட்டுப் பதிந்த ஒரு மெழுகு உருளை. நீளம் நாலேகால் அங்குலம், விட்டம் இரண்டேகால் அங்குலம், உள்ளே கூடு. மெழுகு என்று பேர்தானே தவிர, உண்மையில் அது சோப்புக்குப் பங்காளியான ஒரு கலவை. வெளிப்பக்கம் முழுக்கத் திருகாணி மரைபோல நெருக்கமான வரிகள், ஓர் அங்குலத்துக்கு நூறு. விரல் பட்டால் வரியில் எண்ணெய் ஏறிவிடும் என்பதால் யாரும் அதை வெளியே பிடித்துத் தூக்குவதில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு, விரித்துப் பிடித்து, அட்டைக் குழாயிலிருந்து உருவ வேண்டும். இயந்திரத்தில் செருகி, சாவி கொடுத்து, ஊசியை இறக்கினால் நிமிடத்துக்கு 160 சுற்று. முதலில் ஒருவர் உரத்த குரலில் பாட்டின் பெயரையும் பாடுபவர் பெயரையும் சொல்லி, 'எடிசன் ரெக்கார்ட்' என்று முடிப்பார். பிறகு பாட்டு. இரண்டு நிமிடம், அதிகம் போனால் இரண்டரை. அவ்வளவுதான்.

எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தபோது தகரத் தாளில்தான் ஒலியைப் பதித்தார். மெழுகு உருளை அதற்கு அப்புறம் வந்தது. 1896-இல் நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனி என்று ஒன்றை ஆரம்பித்தார். 1902 முதல், உருளைகளை ஒவ்வொன்றாகப் பாடிப் பதிக்காமல், அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் எடுக்கும் முறை சந்தைக்கு வந்தது. அதுவரை கைத்தொழில்போல இருந்தது திடீரென்று ஆலைச் சரக்கானது. இயந்திரம், பதிவான உருளை, வீட்டிலேயே பேசிப் பதிவு செய்துகொள்ளும் வெற்று உருளை என எல்லாவற்றின் மேலும் காப்புரிமைகள் இருந்தன. வெற்று உருளை ஒரு வேடிக்கையான சரக்கு. பதிந்த குரல் அலுத்துப்போனால் மேல்தோலைச் சீவிவிட்டு மறுபடி பேசலாம்.

ஆலைச் சரக்கு என்று ஆனதும் ஒரு புதுக் கவலையும் கூடவே வந்தது. விலை. ஒரு கடைக்காரர் லாபத்தைக் குறைத்துக்கொண்டு மலிவாகத் தள்ளினால், பக்கத்துக் கடைக்காரர் எடிசன் சரக்கையே வைக்க மாட்டார். அதனால் கம்பெனி, உருளை தன் கையை விட்டுப் போன பிறகும் அதன் விலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க விரும்பியது. ஏற்பாடு இப்படி: கம்பெனியிடமிருந்து 'ஜாபர்' எனப்பட்ட மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து டீலருக்கு, டீலரிடமிருந்து வீட்டுக்கு. முதல் இரண்டு படியிலும் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பட்டியல் விலைக்குக் கீழே விற்கக் கூடாது. டீலர் பட்டியலிலிருந்து கம்பெனி யாருடைய பெயரை அடித்துவிடுகிறதோ, அவருக்கு யாரும் சரக்குக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனைதான் உண்மையான பூட்டு. விலையைக் குறைத்தால் பெயர் போகும். பெயர் போனால் ஊரில் ஒருவரும் சரக்குத் தர மாட்டார்கள். பழைய காலத்து ஊர்விலக்கு மாதிரிதான், கொஞ்சம் நாகரிகமாக, அச்சடித்த படிவத்தில்.

மெங்க் அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு டீலர். கம்பெனிக்கும் அவருக்கும் தகராறு வந்தது. பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். அவரோ எடிசன் சரக்கை விற்பதை நிறுத்தவில்லை. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தத்தை மீறினார் என்பது ஒரு வாதம். ஆனால் இந்த வழக்கு இன்றுவரை பேசப்படுவது அதனால் அல்ல. அவர் விற்கும் ஒவ்வொரு உருளையும் எங்கள் காப்புரிமையை மீறுகிறது என்றும் கம்பெனி சொன்னது. பாருங்கள், அது திருட்டு உருளை அல்ல, நகல் உருளையும் அல்ல. கம்பெனி தானே செய்து, தானே விற்று, தானே காசு வாங்கிக்கொண்ட உருளை.

ஒப்பந்தம் கையில் இருக்கும்போது எதற்குக் காப்புரிமையைப் பிடித்துத் தொங்க வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் வழக்கில் பாதி புரிந்த மாதிரி. ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரை மட்டும்தான் கட்டும். அவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டால் அந்த இன்னொருவரிடம் போய் ஒன்றும் கேட்க முடியாது. 1904-இல் இங்கிலாந்தில் டாடி என்ற புகையிலைக் கம்பெனி இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது, சரக்கை எடுத்துக்கொள்வதே இதற்குச் சம்மதம் என்று அறிவித்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். நிபந்தனை என்பது சரக்கோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1915-இல் டன்லப் டயர் கம்பெனிக்கும் அதே கதி. மொத்த வியாபாரி வழியாக செல்ஃப்ரிட்ஜ் கடைக்குப் போன டயர்களை விலை குறைத்து விற்றதற்காக, டயருக்கு 5 பவுண்டு வீதம் கேட்டு டன்லப் வழக்குப் போட்டது. உங்களுக்கும் செல்ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒப்பந்தம் ஏது என்று, பிரிட்டனின் அன்றைய தலைமை மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை கேட்டது. கதை முடிந்தது.

காப்புரிமை அப்படி இல்லை. அது ஊர் முழுவதையும் கட்டும். கையெழுத்துத் தேவையில்லை, அறிமுகம்கூடத் தேவையில்லை. விலை நிபந்தனையைக் காப்புரிமையின் முதுகில் ஏற்றிவிட்டால் அது சரக்கோடு சேர்ந்தே பயணம் செய்யும். புகையிலைக்காரருக்கும் டயர்காரருக்கும் கிடைக்காதது எடிசனுக்குக் கிடைக்கும். கம்பெனியின் கணக்கு அதுதான். கெட்டிக்காரக் கணக்கு என்பதை மறுக்க முடியாது.

வழக்கைக் கேட்ட ஐந்து நீதிபதிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1903-இல் உயர் நீதிமன்றம் தொடங்கியபோது மூன்று பேர்தான்: தலைமை நீதிபதி சாமுவேல் கிரிஃபித், நாட்டின் முதல் பிரதமராக இருந்த எட்மண்ட் பார்ட்டன், ரிச்சர்ட் ஓ'கானர். 1906-இல் ஐசக் ஐசக்ஸ், ஹென்றி ஹிக்கின்ஸ் இருவரையும் சேர்த்தார்கள். பழைய மூவர் ஒரு பக்கம், புதிய இருவர் இன்னொரு பக்கம் என்று நிற்பது அந்தக் காலத்து உயர் நீதிமன்றத்தில் அடிக்கடி கண்ட காட்சி. மெங்க் வழக்கிலும் அச்சுப் பிசகாமல் அப்படியே நடந்தது.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது ஹிக்கின்ஸ். முந்தைய வருடம்தான், 1907-இல், ஹார்வெஸ்டர் வழக்கில், தொழிலாளியின் கூலியைச் சந்தையின் இழுபறிக்கு விடக் கூடாது, ஒரு குடும்பம் கௌரவமாக வாழ எவ்வளவு வேண்டும் என்று பார்த்து நிர்ணயிக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதிப் பேர் வாங்கியவர். அவர் இங்கே கம்பெனியின் பக்கம் நின்றார். யோசித்துப் பார்த்தால் முரண்பாடு அவ்வளவு இல்லை. சட்டம் ஒருவருக்கு ஓர் உரிமையைக் கொடுத்திருந்தால் அதைச் சட்டத்தின் வார்த்தைப்படியே பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த வார்த்தைகள் என்ன? காப்புரிமை பெற்றவருக்குத் தன் கண்டுபிடிப்பைச் செய்யவும், பயன்படுத்தவும், செயல்படுத்தவும், விற்கவும் தனி உரிமை உண்டு. பழைய அரச சாசனங்களிலிருந்து அப்படியே இறங்கி வந்த வரி இது. 'பயன்படுத்த', 'விற்க' என்று சட்டமே சொல்கிறது அல்லவா, அப்படியானால் மற்றவர் யார் பயன்படுத்தினாலும் விற்றாலும் எங்கள் அனுமதி வேண்டும் என்று கம்பெனி கேட்டது. எழுத்துக்கு எழுத்துப் படித்தால் சரியான கேள்விதான். அப்படிப் படித்தால், கடையில் உருளை வாங்கி வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்பவர்கூட எடிசனின் தனி உரிமையில் கை வைக்கிறார் என்றாகும். அனுமதி இருப்பதால்தான் அவர் தப்பிக்கிறார். அனுமதி என்று ஒன்று இருந்தால் அதற்கு நிபந்தனையும் போடலாமே?

கிரிஃபித் இதை வேரிலேயே வெட்டினார். ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர் அதை எப்படியும் பயன்படுத்தலாம், யாருக்கும் கொடுக்கலாம். இது சொத்துச் சட்டத்தின் பாலபாடம். அதைக் கட்டுப்படுத்த இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, சட்டமே தடுக்க வேண்டும். அல்லது அவரே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். சரி, காப்புரிமைச் சட்டம் அப்படித் தடுக்கிறதா? இல்லை என்றார். 'விற்க' என்ற சொல்லை அவர் படித்த விதம் அழகானது. கண்டுபிடிப்பாளர் தன் பொருளைத் தன் கையிலிருந்து ஊரார் கைக்கு மாற்றும் அந்த முதல் விற்பனையைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அந்த ஒரு தடவை அவருக்குத் தனி உரிமை உண்டு. என்ன விலை வேண்டுமானாலும் வைக்கலாம், விற்காமலே கூட இருக்கலாம். ஆனால் விற்றுக் காசு வாங்கிய பிறகு அந்தக் குறிப்பிட்ட உருளையைப் பொறுத்தவரை காப்புரிமைக்கு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அதுவும் ஒரு நாற்காலி, ஒரு குடை மாதிரி சாதாரணப் பொருள். பார்ட்டனும் ஓ'கானரும் அவரோடு சேர்ந்தார்கள்.

ஐசக்ஸின் வாதம் வேறு திசையிலிருந்து வந்தது. காப்புரிமைக்காரர் யாருக்கும் விற்காமலே இருக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். முழுக்க மறுக்க உரிமை உள்ளவருக்குக் கொஞ்சம் மறுத்துக் கொஞ்சம் கொடுக்க உரிமை இல்லையா? பெரியது கையில் இருக்கும்போது சிறியது எப்படி இல்லாமல் போகும்? கேட்கும்போது மறுக்க முடியாததுபோல இருக்கும். ஆனால் வீட்டை விற்காமல் வைத்துக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு என்பதால், விற்ற பிறகு வாங்கியவர் வீட்டில் யாரைக் குடி வைக்கலாம் என்று நான் சொல்ல முடியுமா? விற்காமல் இருப்பது என் பொருளின் மேல் உள்ள அதிகாரம். விற்ற பின் நிபந்தனை போடுவது இன்னொருவர் பொருளின் மேல் உள்ள அதிகாரம். பெரியது, சிறியது என்று அளக்க இவை ஒரே ஜாதி அல்ல. இது என் கருத்து. அன்று ஐசக்ஸை ஆதரித்த வழக்கறிஞர் யாராவது இருந்தால் நிச்சயம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கம்பெனி பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1911-இல் ஷா பிரபு தீர்ப்பைப் படித்தார். இரண்டு கொள்கைகள் மோதுகின்றன என்றார். வாங்கியவர் பொருளுக்கு முழுச் சொந்தக்காரர் என்பது ஒன்று. காப்புரிமைக்காரருக்குப் பயன்படுத்துவதிலும் விற்பதிலும் தனி உரிமை உண்டு என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றையொன்று கொல்லாமல் சேர்த்துவைக்க வேண்டும். அதற்கு அவர் போட்ட பாலம் இது: காப்புரிமை உள்ள பொருளை விற்கும்போது நிபந்தனை போடலாம். ஆனால் வாங்கும் நேரத்தில் அந்த நிபந்தனை வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அவரைக் கட்டும். தெரியாமல் வாங்கினால் முழுச் சொந்தக்காரர்தான். மெங்குக்கோ நிபந்தனைகள் எல்லாமே தெரியும், அவரே கையெழுத்துப் போட்டவர். காப்புரிமை பற்றிய விஷயத்தில் கிரிஃபித்தின் பார்வை அத்தோடு ஓரம் போனது.

இந்தப் பாலத்தின் அடிக்கல் 1871-இல் இங்கிலாந்தில் போட்டது. பாட்டிலின் வாயை மூடும் உலோகத் தகட்டுக்குக் காப்புரிமை வைத்திருந்த பெட்ஸ் என்பவரின் வழக்கு. ஒருவர் ஒரு பொருளை வாங்கும்போது அது தன் கட்டுப்பாட்டில் வரும் என்றுதான் எதிர்பார்க்கிறார், வேறு மாதிரி என்றால் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார் ஹாதர்லி பிரபு. வாங்குபவரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைதான் அது. ஆனால் அதற்குள்ளே ஒரு கொக்கி இருந்தது. சொல்லாவிட்டால் அனுமதி உண்டு என்றால், சொல்லிவிட்டால் அனுமதி இல்லை என்றும் ஆகிறது. வாங்கியவரிடம் இருப்பது சொந்தம் அல்ல, விற்றவரின் மௌனத்திலிருந்து கிடைத்த அனுமதி. சட்டக்காரர்கள் இதை உட்கிடையான உரிமம் என்பார்கள்.

ஷா பிரபுவின் தீர்ப்பை நடுநிலையானது என்று பாராட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது நடுவில் நிற்பதாகத் தோன்றவில்லை, காற்றில் நிற்பதாகத்தான் தோன்றுகிறது. நிபந்தனை தெரிந்தால் கட்டும், தெரியாவிட்டால் கட்டாது என்றால், தெரிந்துகொள்வதே குற்றம் மாதிரி ஆகிறது. அட்டைப் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு வாங்கியவர் அரைச் சொந்தக்காரர். படிக்காமல் வாங்கியவர் முழுச் சொந்தக்காரர். ஒரே உருளை, ஒரே கடை, ஒரே விலை. முதலாமவர் விவரம் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டால் அவரைக் கட்டிய கயிறு அவிழ்ந்துவிடுகிறது. அப்படியானால் காப்புரிமை பொருளில் இருக்கிறதா, வாங்குபவரின் மண்டைக்குள் இருக்கிறதா? உரிமை என்றால் எல்லோரையும் கட்ட வேண்டும், அல்லது யாரையும் கட்டக் கூடாது. ஒப்பந்தம் என்றால் சம்மதம் வேண்டும். தெரிந்திருப்பது சம்மதம் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் இரவில் பாட்டுக் கேட்பது பிடிக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காக ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமா?

அதே வருடங்களில் அமெரிக்காவும் இதே குழியில் விழுந்து எழுந்தது. அங்கே தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1873-இல் சவப்பெட்டி மூடிக்கான காப்புரிமை ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பாஸ்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள் ஒருவருக்கு உரிமை, அதற்கு வெளியே இன்னொருவருக்கு. பத்து மைலுக்குள் முறையாக வாங்கிய பெட்டியை அடக்கம் நடத்துபவர் ஒருவர் அதைத் தாண்டி நேட்டிக் என்ற ஊரில் புதைத்துவிட்டார். வெளியே உரிமை வைத்திருந்தவர் வழக்குப் போட்டார். வாங்கியாகிவிட்டது, எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றது நீதிமன்றம். திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு என்பதும் நீதிபதிகள் மனதில் ஓடியிருக்கலாம், தீர்ப்பில் அது இல்லை.

பிறகு 1912. மிமியோகிராஃப் என்ற நகலெடுக்கும் கருவியை விற்ற ஏ.பி. டிக் கம்பெனி, இதில் எங்கள் ஸ்டென்சில் தாளும் எங்கள் மையும் மட்டுமே போடலாம் என்று கருவியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்தக் கருவிக்கு மை விற்ற வெளி வியாபாரி காப்புரிமையை மீறத் துணைபோனார் என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. காப்புரிமை கருவிக்கு, பிடிபட்டதோ ஒரு டப்பா மை! பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 1914-இல், இப்படி ஒரு சரக்கோடு இன்னொரு சரக்கைக் கட்டிவிடும் வியாபாரத்துக்குக் கடிவாளம் போட்ட கிளேட்டன் சட்டம் வந்தது. 1917-இல் சினிமா புரொஜெக்டர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே 1912-ஐத் தூக்கி எறிந்தது. சினிமா காப்புரிமைகள், மிமியோகிராஃப், ஃபோனோகிராஃப் என எதை எடுத்தாலும் எங்காவது எடிசன் பெயர் வந்துவிடும். கண்டுபிடிப்பதில் மட்டும் இல்லை, கண்டுபிடித்ததை விடாமல் பிடித்துக்கொள்வதிலும் மனிதர் முன்னோடிதான்.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அமெரிக்கா ஐந்தே வருடத்தில் திருத்திக்கொண்டதை ஆஸ்திரேலியா ஏன் நூறு வருடத்துக்கு மேல் சுமந்தது? பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாருக்கும் அது உறுத்தவில்லை. உருளை தட்டையான இசைத்தட்டுக்குத் தோற்றது. எடிசன் கம்பெனி 1929-இல் ரெக்கார்ட் தொழிலையே விட்டது. விலையைக் கட்டிப்போடும் வழக்கத்தை நீதிமன்றம் அல்ல, நாடாளுமன்றம் ஒழித்தது. 1971-இல் வந்த தடையைத் தொடர்ந்த 1974-ஆம் ஆண்டின் வணிக நடைமுறைச் சட்டத்தின்படி (இப்போது அதன் பெயர் போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம்), இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதே சட்டவிரோதம். மெங்கை மிரட்டிய அந்தப் பட்டியல் விலைக்கு அதோடு ஆயுசு முடிந்தது. ஷா பிரபுவின் விதி மட்டும், வேலை இல்லாமல், புத்தகத்தில் இருந்தது. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழியும் ஒவ்வொன்றாக அடைபட்டது. 1978-இல், பிரிவி கவுன்சில் சொன்னது இனி எங்களைக் கட்டாது என்று உயர் நீதிமன்றம் அறிவித்தது. விதியைத் தூக்கி எறியக் கை சுதந்திரமாக இருந்தது, எறிய ஒரு வழக்குத்தான் வேண்டும்.

வழக்கு வந்தது பிரிண்டர் மையிலிருந்து. செய்கோ எப்ஸன் தன் மை கார்ட்ரிட்ஜுகளுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. மை தீர்ந்ததும் உள்ளே இருக்கும் சிப், நான் காலி என்று எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி மை ஊற்றினாலும் பிரிண்டர் நம்பாது. நைன்ஸ்டார் என்ற நிறுவனம் தூக்கிப்போட்ட காலி கார்ட்ரிட்ஜுகளைச் சேகரித்து, ஒரு துளை போட்டு, மை நிரப்பி, துளையை அடைத்து, சிப்பில் இருந்த 'காலி' என்ற குறிப்பை அழித்தது. சிலவற்றில் சிப்பையே மாற்றியது. சிலவற்றில் இந்த மாடலில்தான் பொருந்தும் என்பதற்காக வைத்திருந்த நீட்டலை வெட்டி எடுத்தது. கேலிடேட் என்ற கம்பெனி அவற்றை ஆஸ்திரேலியாவுக்கு இறக்குமதி செய்து விற்றது. எப்ஸன் வழக்குப் போட்டது.

மெங்க் வழக்கின் விதி உயிரோடு இருந்ததால் கீழ் நீதிமன்றங்கள் ஒரு விசித்திரமான கணக்கைப் போட வேண்டியிருந்தது. கார்ட்ரிட்ஜ் வாங்கியவருக்கு எப்ஸன் மௌனமாகக் கொடுத்த அனுமதி, எந்த அளவு மாற்றம் செய்தால் செத்துப்போகும்? துளை போட்டால்? சிப்பை மாற்றினால்? நீட்டலை வெட்டினால்? முதலில் விசாரித்த நீதிபதி வகை வகையாகப் பிரித்து, சிலவற்றில் அனுமதி பிழைத்தது, சிலவற்றில் இல்லை என்றார். மேல்முறையீட்டில் எல்லாமே மீறல் என்றார்கள். யாரும் வாயால் சொல்லாத ஓர் அனுமதி எந்த வெட்டில் உயிரை விட்டது என்று பிரேதப் பரிசோதனை நடத்தும் நிலை. கிரிஃபித்தின் வழியில் போயிருந்தால் இந்தக் கேள்வியே வராது. வாங்கியவருடையது, அவ்வளவுதான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: செய்தது பழையதைச் சரிபார்க்கும் வேலையா, காப்புரிமை உள்ள பொருளைப் புதிதாக உருவாக்கும் வேலையா? புதிதாக உருவாக்கும் உரிமை எப்போதும் காப்புரிமைக்காரருக்குத்தான்.

2020 நவம்பர் 12 அன்று உயர் நீதிமன்றம் அந்த வழியைத்தான் எடுத்தது. தலைமை நீதிபதி கீஃபல், பெல், கீன் மூவரும் சேர்ந்து எழுதினார்கள், கேகலர் தனியாக எழுதி ஒத்துக்கொண்டார். முதல் விற்பனையோடு அந்தப் பொருளின் மேல் உள்ள உரிமை தீர்ந்துவிடுகிறது, நைன்ஸ்டார் செய்தது புதுப் பொருளை உருவாக்கும் வேலை அல்ல, கேலிடேட் விற்றதில் மீறல் இல்லை. 1908-இன் பெரும்பான்மைத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர்கள் நடந்தார்கள். இதற்கு மூன்று வருடம் முன்பு, 2017-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றமும் லெக்ஸ்மார்க் வழக்கில் இதே முடிவுக்கு வந்திருந்தது. அதுவும் டோனர் கார்ட்ரிட்ஜ். பாட்டு உருளையில் தொடங்கி மைக் கூட்டில் முடிந்த சண்டை என்று சொல்லலாம். இரண்டிலும் ஒரே வியாபாரக் குணம் இருப்பதைக் கவனியுங்கள்: இயந்திரத்தை ஒரு தடவைதான் விற்க முடியும், உருளையையும் மையையும் திரும்பத் திரும்ப விற்கலாம். பிடி அங்கேதான் இறுகும்.

மாற்றுக் கருத்துச் சொன்ன நெட்டில், கோர்டன், எடல்மன் மூவரும் லேசான ஆட்கள் அல்ல. நூறு வருடத்துக்கு மேல் இருந்த விதி, அது இருக்கும்போதே 1990-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது, இதை நம்பி உரிமங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்பது அவர்கள் நிலை. 1990 சட்டத்தில் பழைய நான்கு சொற்களே இல்லை என்பதும் உண்மை. அவற்றுக்குப் பதிலாக ஒரு விரிவான சொல்லை வைத்து, அதற்குள் செய்வது, வாடகைக்கு விடுவது, விற்பது, பயன்படுத்துவது, வைத்திருப்பது எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார்கள். 'விற்க' என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கிரிஃபித் போட்ட வழி புதிய சட்டத்தில் அப்படியே செல்லாது. பெரும்பான்மையினர் சொல்லாராய்ச்சியைவிட அடிப்படைக் கொள்கையின் மேல்தான் அதிகம் சாய்ந்தார்கள். விமர்சிக்க வேண்டுமானால் அங்கேதான் இடம் இருக்கிறது.

இனி ஒரு சின்னக் கேள்வி. இன்றைய விதியில் மெங்க் ஜெயித்திருப்பாரா? காப்புரிமை வாதத்தில் நிச்சயமாக. விலை நிபந்தனையை 1974 சட்டமே பிடுங்கியிருக்கும். ஆனால் அவர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் சட்டம் தடுக்காத வேறு நிபந்தனைகள் ஏதாவது இருந்தால், அவை இன்றைக்கும் அவரைக் கட்டும். அவரை மட்டும். அவரிடம் உருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரை அல்ல. சட்டம், அல்லது தானே போட்ட ஒப்பந்தம், மூன்றாவது வழி கிடையாது என்று கிரிஃபித் 1908-இல் சொன்னது இதைத்தான்.